ஏறி இறங்கி மூச்சு வாங்குதா புல்வெட்டி இன்ஜின்? புதுசு வாங்கும் முன் சோக்கை ஒருமுறை இழுத்துப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் நின்று பெய்தால் போதும். அபார்ட்மென்ட் புல்வெளி, பள்ளி மைதானம், ஈசிஆர் பக்கம் ஆசையாக வாங்கிப்போட்ட வீக்கெண்ட் வீடு என எல்லா இடத்திலும் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ஷெட்டில் கிடக்கும் புல்வெட்டி அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கோடை முழுக்க யாரும் தொடாத மெஷின். கயிற்றைப் பத்து முறை இழுத்த பிறகு ஒருவழியாக ஸ்டார்ட் ஆகும். ஆனால் சத்தம் சரியிருக்காது. 'வ்ர்ரூம்' என்று ஏறும், 'ம்ம்ம்' என்று இறங்கும், அணையப் போவதுபோல பம்மும், மறுபடியும் ஏறும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். "இன்ஜின் போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று ஒருவர் சொல்வார். "போன வருஷம்தானே வாங்கினோம்?" என்று இன்னொருவர் கேட்பார். நடுவில் மாட்டிக்கொள்வது தோட்ட வேலைக்கு வருபவர்தான். "நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க" என்ற பார்வை அவர் மேல்தான் விழும். மெஷின் அவருடைய சொந்த மெஷினாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். அது ஓடாத நாளில் அவருக்குக் கூலி கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படி ஏறி இறங்கி ஓடும் இன்ஜினில் பெரும்பாலும் இன்ஜின் போயிருக்காது. உள்ளே கிடக்கும் பெட்ரோல்தான் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு மணி நேரப் பொறுமை போதும்.

கை வைப்பதற்கு முன்னால்…

புல்வெட்டியில் பிளேடு நேரடியாக இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். பிளேடு சுற்றினால் இன்ஜின் சுற்றும், இன்ஜின் சுற்றினால் பிளேடு சுற்றும். அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டும்போது பிளேடைக் கையால் கொஞ்சம் திருப்பினாலே ஸ்பார்க் வந்து இன்ஜின் ஒரு சுற்று உதைக்க வாய்ப்பிருக்கிறது. ஒரு சுற்று போதும், விரல் போய்விடும். அதனால் ஓடாத மெஷினில் கை வைக்கும் முன், ஸ்பார்க் பிளக்கின் மேல் இருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி வையுங்கள். ஆஃப் செய்தாகிவிட்டது என்பது மட்டும் போதாது.

இன்ஜின் ஆறட்டும். பெட்ரோலைத் திறக்கும் இடத்தில் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ மூடிய ஷெட்டிலோ இன்ஜினை ஓட்டிப் பார்க்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

சோக் என்றால் என்ன? 2கே கிட்ஸுக்கு மட்டும்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வாங்கிய பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்காது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை சென்சார்கள் பார்த்து, ஒரு குட்டி கம்ப்யூட்டர் முடிவு செய்து, இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சுகிறது. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் குளிர்காலக் காலையில் ஒரு குமிழை இழுத்துவிட்டு கிக்கரை உதைப்பாரே, அதுதான் சோக். அந்தத் தலைமுறைத் தொழில்நுட்பம் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று புல்வெட்டி. பவர் வீடர், பெட்ரோல் வாட்டர் பம்ப், சின்ன ஜெனரேட்டர் எல்லாமே இதே குடும்பம்தான். கீழே சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை எளிமையானது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் போகும். அந்த வேகத்தில் அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணம் போன்ற பகுதியில் நிற்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியாக மேலே இழுக்கப்பட்டு காற்றோடு கலக்கும். இந்தத் துளையின் அளவு பல இன்ஜின்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குப் பக்கத்தில், குறைந்த வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் கொடுக்க இன்னொரு துளை உண்டு. பைலட் ஜெட் அல்லது ஐடில் ஜெட் என்பார்கள். அது இன்னும் சின்னது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சோக் என்பது கார்புரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு தகடு. அதை மூடினால் காற்று குறையும், கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த 'ஏற்ற இறக்கம்' எங்கிருந்து வருகிறது?

புல்வெட்டி இன்ஜினில் கவர்னர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. (மாநில ஆளுநர் இல்லை!) இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பது இதன் வேலை. அடர்ந்த புல்லில் பிளேடு திணறி வேகம் குறைந்தால், கவர்னர் த்ராட்டிலைத் திறந்துவிடும். புல் முடிந்து வேகம் கூடினால் மூடிவிடும். நாம் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே இது நடந்துகொண்டிருக்கும்.

இப்போது பைலட் ஜெட்டில் பாதி அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் சும்மா ஓடும்போது போதுமான பெட்ரோல் வரவில்லை. வேகம் இறங்குகிறது. கவர்னர் உடனே பதறிப்போய் த்ராட்டிலைத் திறக்கிறது. திறந்ததும் பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் வருகிறது. வேகம் சட்டென்று ஏறி அளவைத் தாண்டுகிறது. "ஐயோ ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று கவர்னர் மூடுகிறது. மூடியதும் மறுபடி அடைபட்ட சின்ன ஜெட்டை நம்பியே ஓட வேண்டிய நிலை. மறுபடி பட்டினி, மறுபடி இறக்கம். இந்தச் சுற்றுதான் நம் காதில் 'வ்ர்ரூம்… ம்ம்ம்… வ்ர்ரூம்' என்று கேட்கிறது.

இதைப் பார்த்துவிட்டு கவர்னர் ஸ்பிரிங்தான் கெட்டுவிட்டது என்று அதை வளைப்பவர்கள், இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்குப் போய்ச் சேரும் பெட்ரோல்தான் சரியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 53 செ.மீ. நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதன் முனை மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்பிரிங்கை வளைத்து அதற்கு மேல் ஓடவிட்டால், அதில் படும் ஒரு கூழாங்கல் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே சோதனை, இரண்டு பதில்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரெண்டு நிமிடம் சூடாக விடுங்கள். அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கை மெதுவாகப் பாதி அளவுக்கு மூடுங்கள். காதைத் தீட்டிக் கேளுங்கள்.

சத்தம் சீராகிவிட்டதா? அப்படியென்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே வருகிறது. சோக்கை மூடியதும் கலவை சரியானதால்தான் அது நிதானமாகிவிட்டது.

மாறாக, சோக்கை மூடியதும் இன்னும் திணறி, கறுப்புப் புகை கக்கி, அணையப் பார்க்கிறதா? பெட்ரோல் ஏற்கெனவே அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கிண்ணத்துக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் இருக்கலாம், சோக்கே முழுதாகத் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள். கேபிள் இறுகிப்போய் சோக் பாதி மூடிய நிலையிலேயே நிற்பது சகஜம்.

எப்போது திணறுகிறது என்பதும் முக்கியம். சும்மா நிற்கும்போது ஏறி இறங்கி, புல்லில் விட்டால் சரியாகிவிடுகிறது என்றால் சின்ன ஜெட்டைச் சந்தேகப்படுங்கள். சும்மா ஓடும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, புல்லில் விட்டதும் இழுவை இல்லாமல் படுத்துவிடுகிறது என்றால் பெரிய ஜெட், ஏர் ஃபில்டர், அல்லது இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: மழுங்கிய பிளேடு, அடித்தட்டில் களிபோல ஒட்டிக் காய்ந்த பழைய புல். ஈரப் புல்லைத் தாழ்வாக வெட்டினால் நல்ல இன்ஜினும் திணறத்தான் செய்யும்.

பெட்ரோல் 'கெட்டுப்போகுமா'?

போகும். பலருக்கு இது நம்ப முடியாத விஷயம். காரில் மாசக்கணக்கில் கிடக்கிறதே என்பார்கள். கார் டேங்க் நன்றாக மூடப்பட்டது. புல்வெட்டியில் டேங்க் மூடியிலேயே காற்று போக ஒரு துளை, கார்புரேட்டர் கிண்ணத்துக்கும் வெளிக்காற்றோடு தொடர்பு. எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடும். ஸ்டார்ட் ஆகத் தேவைப்படுவதே அந்தப் பகுதிதான். மிச்சம் இருப்பது மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். கிண்ணத்தைத் திறந்தால் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பூச்சு இருக்கும், பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைக்கு அந்தப் பூச்சே போதும். 30 நாளுக்கு மேல் சும்மா நிற்கப் போகிறது என்றால் பெட்ரோலை அப்படியே விடாதீர்கள் என்று சின்ன இன்ஜின் தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். நம் ஊர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் மெஷினுக்கு அந்த 30 நாளே தாராளம்.

இதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் மோடி இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தார். 20 சதவீதக் கலப்புக்கு முதலில் குறித்த ஆண்டு 2030. அதை முன்னுக்குக் கொண்டுவந்து 2025-லேயே எட்டிவிட்டோம். கார், பைக்குக்கு இது நல்லதா கெட்டதா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்தச் சண்டையில் யாருமே பேசாத ஆள் ஒன்று உண்டென்றால் அது புல்வெட்டிதான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு கிராம் எத்தனாலுக்குச் சுமார் 9 கிராம் போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இன்ஜெக்டர் இருக்கும் பைக்கில் கம்ப்யூட்டர் இதைக் கவனித்து பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு ஏது மூளை? துளை எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் சுத்தமான பெட்ரோலுக்கோ 10 சதவீதக் கலப்புக்கோ அளவெடுத்த ஜெட்டில் இ20 போகும்போது, கலவை கொஞ்சம் வறண்டுவிடும். புது ஜெட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே லேசாக அடைத்திருக்கும் ஜெட்டில், விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிட்ட கதைதான். ஹோண்டா, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற நிறுவனங்களின் பழைய கையேடுகளில் எத்தனால் வரம்பு 10 சதவீதம்தான். உங்கள் மெஷினின் கையேட்டிலோ டேங்க் ஸ்டிக்கரிலோ என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல் ஈரம். எத்தனாலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஓரளவு வரை அந்த நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்ப் படுத்துவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாய் ஆரம்பிப்பதும் அந்த அடியில்தான். கடலோரச் சென்னையில், மழைக்காலத்தில், பாதி காலியான டேங்கோடு மெஷின் வெளியே நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

முதலில் பழைய பெட்ரோலை முழுதாக வெளியேற்றிவிட்டு, புதிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். டேங்க் மட்டும் காலியானால் போதாது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். கீழே ஒரு உலோகப் பாத்திரத்தை வைத்துவிட்டு அதைத் தளர்த்தினால், கிண்ணத்தில் நிற்கும் பழசும் தண்ணீரும் கசடும் வந்துவிடும். பல மெஷின்கள் இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். திறக்கும் முன் போனை எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும். கவர்னர் கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டினாலே வேகம் தாறுமாறாகிவிடும்.

பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளை ஜெட் தெரியும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் வேண்டும், இல்லாவிட்டால் மென்மையான பித்தளையில் காடி சிதைந்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வட்டமாக, சுத்தமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அரைநிலாவாகத் தெரிந்தால் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை நுழைத்து எடுக்கலாம். தையல் ஊசி, சேஃப்டி பின், டிரில் பிட் கூடவே கூடாது. துளை ஒரு இம்மி பெரிதானாலும் அந்த ஜெட் வீண். ஸ்ப்ரே ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாகக் கண்ணை நோக்கி வரும், கண்ணாடி அவசியம். ரப்பர் ஓ-ரிங்குகளைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள், ஸ்ப்ரே பட்டால் உப்பிவிடும்.

எல்லாத் துளைகளிலும் ஸ்ப்ரே தாராளமாக வெளியே வந்தால் மாட்டிவிடலாம். மாட்டும்போது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போனால், ஜெட்டை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அதே ஏற்ற இறக்கம்தான்.

பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னுடுதா?

இது வேறு வகை, பார்க்கவும் எளிது. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டு, உடனே மெஷினும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், குற்றவாளி மூடியில் இருக்கும் காற்றுத் துளை. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்தில் காற்று நிரம்ப வேண்டும். துளையில் மண்ணும் புல்தூளும் அடைத்துவிட்டால் டேங்கில் வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. மூடியைக் கழுவினால் முடிந்தது வேலை.

மூடியைத் திறந்தும் பயனில்லை, அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இக்னிஷன் காயில் சூட்டில் மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

பிளக், ஃபில்டர்: பழகிய சந்தேக நபர்கள்

'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்லும் விட்டுவிட்டு வெடிக்கும் சத்தத்துக்குப் பிளக் காரணமாக இருக்கலாம். கழற்றி முனையைப் பாருங்கள். லேசான பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைவு. சோக் சோதனை சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே வருகிறது.

ஊர்ப்பக்கம் பம்ப், வீடர்களில் அதிகம் பார்க்கக்கூடிய ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிரிக்ஸ் இன்ஜின்கள் பலவற்றுக்கும் 0.76. பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிழைக்க வைப்பதைவிட, சில நூறு ரூபாயில் புதுசு மாட்டிவிடுவது நல்லது. மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். அலுமினியத் தலையில் மரை கோணலாக ஏறிவிட்டால் அந்தச் செலவு சில நூறு ரூபாயோடு நிற்காது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டித் தூசியை உதிர்க்கலாம், கறுத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஃபில்டர் இல்லாமலே ஓட்டினால் 'நல்லா இழுக்குது' என்று தோன்றும். செம்மண் தூசி சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி அரைப்பது உடனே தெரியாது, அவ்வளவுதான்.

கல்லில் இடித்த பிறகுதான் இப்படி ஆச்சா?

அப்படியென்றால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள். பிளேடு கல்லிலோ வேரிலோ மோதி நின்றால், அதிர்ச்சி நேராக கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் போகும். பல புல்வெட்டிகளில் ஃப்ளைவீலை இடத்தில் நிறுத்தும் ஒரு சின்ன உலோகச் சாவி இருக்கும். அது பாதி நறுங்கினால் ஃப்ளைவீல் லேசாக நகர்ந்து, ஸ்பார்க் வர வேண்டிய நேரம் தப்பிவிடும். இன்ஜின் முரண்டு பிடிக்கும், கயிற்றை இழுக்கும்போது வெடுக்கென்று கையைப் பின்னுக்கு இழுக்கும். சாவி மலிவுதான், ஆனால் ஃப்ளைவீலைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும்.

மெஷின் முழுக்க நடுங்கினால் பிளேடு வளைந்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம், மோசமான நிலையில் ஷாஃப்ட்டே வளைந்திருக்கலாம். நடுங்கும் புல்வெட்டியை "இந்த ஓரம் மட்டும் முடிச்சிடலாம்" என்று ஓட்டாதீர்கள்.

அடித்தட்டைச் சுத்தம் செய்ய மெஷினைச் சாய்த்த பிறகு வெள்ளைப் புகை, தடுமாற்றம் வந்தால் அதிகம் பயப்பட வேண்டாம். தவறான பக்கம் சாய்த்ததில் ஆயில் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போயிருக்கும். ஆயில் அளவைப் பார்த்து, ஃபில்டரைச் சுத்தம் செய்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும்.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வருஷக்கணக்கில் உழைத்த இன்ஜினில் வால்வு இடைவெளி மாறியிருந்தாலும் தடுமாறும். ஜிஎக்ஸ்160-க்கு ஆறிய நிலையில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர் என்பது கையேட்டுக் கணக்கு. ஃபீலர் கேஜ் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். மெக்கானிக்கிடம் போகும்போது "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், "சோக் பாதி போட்டா சீராகுது, புது பெட்ரோல், ஜெட் சுத்தம் பண்ணியாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சும் பில்லும் வேறு மாதிரி இருக்கும்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல டூ-ஸ்ட்ரோக். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதைக் கையேடும் ஆயில் டப்பாவும் சொல்லும். கண்ணளவில் ஊற்றுவதுதான் பாதிப் பிரச்னைக்குக் காரணம். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் சைலன்சர் வாயில் இருக்கும் வலையில் கரி அடைத்து இழுவை போய்விடும். இன்னொருவர் மெஷினை வாடகைக்கு எடுத்தால், முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

அடுத்த கோடைக்கு முன்…

புல் வளர்ச்சி நின்று மெஷினை ஓரங்கட்டும் நாளில், பெட்ரோல் காக்கை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. டேங்கையும் காலி செய்து வைப்பது நல்லது. இனிமேல் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பல பங்க்குகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் தரமாட்டார்கள், மூடியுள்ள உலோகக் கேன் எடுத்துப் போங்கள். தேதியை கேன் மேலேயே மார்க்கரில் எழுதிவிட்டால் அடுத்த முறை மோந்து பார்க்க வேண்டியதில்லை.

வடித்தெடுத்த பழைய பெட்ரோலை சாக்கடையிலோ செடிக்கடியிலோ ஊற்றாதீர்கள், ஆசையாகப் பைக்கிலும் ஊற்றாதீர்கள். மூடிய உலோகக் கேனில், வெயில் படாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.